மூத்தாள் இலையில் ஒப்பட்டு

காவேரிக்கு ஒப்பட்டு என்றாலே எரிச்சல். பருப்பை ஊற வைக்கும்போதே முகம் கடுகடுவென்று ஆகிவிடும். பெண்ணாகரம் பக்கத்தில் ஒப்பட்டு வாசனைக்கு நாக்கைச் சப்புக்கொட்டாத ஆள் கிடையாது. கடலைப்பருப்பும் வெல்லமும் சேர்த்து அரைத்த பூரணத்தை மாவுக்குள் பொதிந்து, மெல்லிசாகத் தட்டி, நெய் விட்டுச் சுடுகிற பண்டம். அதன்மேல் ஒருத்திக்கு என்ன கோபம் என்று கேட்கலாம். அவள் இடத்தில் இருந்து சுட்டுப் பார்த்தால்தான் தெரியும்.

பச்சியப்பனுக்கு அவள் இரண்டாம் தாரம். முதல் மனைவி குள்ளம்மாள் கல்யாணமாகி மூன்றாம் வருஷமே காமாலையில் போய்விட்டாள். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்திரண்டில், தீர்த்தமலைக்குப் பக்கத்து ஊரிலிருந்து காவேரியைக் கட்டிக்கொண்டு வந்தான். இரண்டாவதாக வருகிறவள் மூத்தாளைக் கும்பிட வேண்டும். தாலிக் கயிற்றில் மூத்தாள் பேருக்கு ஒரு பொட்டுத் தங்கம் தனியாகக் கோத்திருக்கும். வருஷத்துக்கு ஒரு நாள், ஆடி மாதத்தில், புதுச் சேலை வைத்து, இலை போட்டு, செத்தவளுக்குப் பிடித்த பலகாரத்தைச் செய்து படைக்க வேண்டும். அவள் மனம் குளிர்ந்தால் குடும்பத்தைக் காப்பாள். குளிராவிட்டால் இளையாளைப் படுத்தி எடுத்துவிடுவாள்.

குள்ளம்மாளுக்குப் பிடித்தது ஒப்பட்டு என்று பச்சியப்பன் சொன்னான். சொன்னது அவன்தான், வேறு யாரும் இல்லை.

காவேரிக்குப் பிடித்தது சிமிலி. கேழ்வரகு மாவில் அடை தட்டி, சூடு ஆறுவதற்குள் பிய்த்து உரலில் போட்டு, வறுத்த வேர்க்கடலை, எள், வெல்லம் சேர்த்து இடித்து உருண்டை பிடிப்பது. கடலை பிடுங்குகிற காலத்தில் காட்டிலிருந்து வந்ததும் அவளும் அம்மாவும் எதிரெதிரே நின்று உலக்கை போடுவார்கள். உலக்கை இரண்டும் முட்டிக்கொள்ளாமல் இருக்க அம்மா 'உஸ், உஸ்' என்று மூச்சு விட்டுக்கொண்டே இடிப்பாள். முதல் உருண்டையை மகள் வாயில்தான் வைப்பாள். "வெல்லம் போதுமா பாருடி" என்பாள். போதாது என்று பொய் சொன்னால் இன்னும் கொஞ்சம் வெல்லம் விழும், இன்னொரு உருண்டையும் கிடைக்கும். பொய் என்று அம்மாவுக்குத் தெரியும்.

புகுந்த வீட்டுக்கு வரும்போது அம்மா ஒரு டப்பா நிறைய சிமிலி கொடுத்து அனுப்பினாள். பச்சியப்பன் மூடியைத் திறந்து பார்த்துச் சிரித்தான்.

"கேவுருல பலகாரமா? தெனம் திங்கற களி பத்தாதா?"

ஏர் ஓட்ட வந்தவர்களுக்குக் கொடுக்கச் சொல்லிவிட்டான். அவர்கள் விரலைச் சப்பிச் சப்பித் தின்றார்கள். புதுப்பெண் கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு ஒன்றுகூட மிஞ்சவில்லை. அந்த டப்பா காலியான சத்தம் இன்றைக்கும் அவள் காதில் இருக்கிறது.

அதற்குப் பிறகு அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "ஒரு நாளைக்கு நம்ம வூட்டு உரல்ல சிமிலி இடிச்சுக்கறேங்க."

உரலில் வெல்லம் ஒட்டும் என்றான். எறும்பு வரும் என்றான். நாலு பேர் பார்த்தால் வீட்டில் பஞ்சம் என்று நினைப்பார்கள் என்றான். மூத்த பிள்ளையை வயிற்றில் வைத்துக்கொண்டு மசக்கையில் கேட்டபோது, தர்மபுரிக்குப் போய் மிட்டாய்க் கடை அல்வா வாங்கி வந்தான். நல்ல அல்வாதான். குறை சொல்ல முடியாது. ஆனால் அவள் கேட்டது அல்வா இல்லையே! இதற்கிடையில் அம்மாவும் போய்ச் சேர்ந்துவிட்டாள். பிறந்த வீட்டிலும் இடித்துக் கொடுக்க ஆள் இல்லை. திருட்டுத்தனமாக இடிக்கலாம் என்றால் உலக்கைச் சத்தம் ஊரைக் கூட்டிவிடும். திருடித் தின்ன அவளுக்கு மனமும் வரவில்லை.

ஆடி மாதம் மட்டும் தவறாமல் வந்தது. ஒப்பட்டும் வந்தது. படையல் பண்டத்தை ருசி பார்க்கக் கூடாது, நாக்கில் பட்டால் எச்சில். வெல்லம் கூடியதா குறைந்ததா என்று தெரியாமலே சுட வேண்டும். படைத்து முடித்து முதல் வாய் தின்றதும் பச்சியப்பன் ஆரம்பிப்பான்.

"குள்ளம்மா சுட்டா வெத்தல கணக்கா இருக்கும். இது என்னா, எருமட்டி மாதிரி!"

சொல்லிக்கொண்டே ஏழெட்டை உள்ளே தள்ளிவிடுவான். அதுதான் காவேரிக்குப் பற்றிக்கொண்டு வரும். பிடிக்கவில்லை என்றால் வைத்துவிட்டுப் போக வேண்டியதுதானே? கண்ணுக்குத் தெரிந்த மாமியாரோடு சண்டை போடலாம். செத்துப்போன சக்களத்தியோடு எப்படிச் சண்டை போடுவது?

ஒரு வருஷம் கறவை மாடு வற்றிப்போனது. இன்னொரு வருஷம் சின்னவனுக்கு விடாத காய்ச்சல். ஒவ்வொரு தடவையும் மாயவன் பூசாரி உடுக்கையை அடித்துவிட்டு ஒரே சொல்லைத்தான் சொன்னார். "மூத்தாளுக்கு வாய் நெறயல. எலயில கொற இருக்குது."

எல்லார் கண்ணும் காவேரி மேல் திரும்பும். அடுத்த ஆடிக்கு நெய் கூடும், வெல்லம் கூடும், வேலையும் கூடும். மழை பொய்த்து, ரேஷன் கோதுமையில் வயிறு நனைத்த வருஷத்தில்கூட பச்சியப்பன் எங்கெங்கோ அலைந்து கடலைப்பருப்பு வாங்கி வந்தான். உயிரோடு இருக்கிறவர்கள் கூழ் குடித்தார்கள். செத்தவள் இலையில் ஒப்பட்டு இருந்தது.

எழுபத்துநாலு ஆடியில் குள்ளம்மாளின் தங்கை கண்ணம்மாள் வந்தாள். கோலார் தங்கவயலில் புருஷனுக்குச் சுரங்க வேலை. வேலையை விட்டுவிட்டு அப்போதுதான் ஏரியூருக்குக் குடி வந்திருந்தார்கள். அக்கா செத்த பிறகு அந்த வீட்டுப் படியை அவள் மிதிப்பது அதுதான் முதல் தடவை. அக்கா இடத்துக்கு வந்தவள் என்பதால் காவேரியையும் "அக்கா" என்றே கூப்பிட்டாள். காவேரிக்கு அது கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

இலை போட்டாயிற்று. பச்சைச் சேலை மடித்து வைத்தாயிற்று. சுடச்சுட ஒப்பட்டைக் கொண்டுவந்து அடுக்கினாள் காவேரி. கண்ணம்மாள் இலையைப் பார்த்தாள்.

"இது யாருக்குங்கக்கா?"

"உங்கக்காவுக்குத்தான்."

"குள்ளம்மாக்காவுக்கா? ஒப்பட்டா?" கண்ணம்மாளுக்குச் சிரிப்பு வந்தது. அப்புறம் சட்டென்று அடங்கியது. "அதுக்கு ஒப்பட்டுன்னாவே ஆவாதே. பூரணத்த வாயில வச்சா நெஞ்சு கரிக்குதுங்கும்."

"என்னா சொல்ற நீ?" என்றான் பச்சியப்பன். "வாரத்துக்கு ஒருக்கா சுடுவாளே!"

"உங்களுக்குப் புடிக்குமின்னு சுட்டுது மாமா. அது தின்னு நீங்க பாத்திருக்கீங்களா?"

பச்சியப்பன் தலையைச் சொறிந்தான். பார்த்ததாக நினைவில்லை.

"அக்காவுக்குச் சிமிலிதான் உசுரு. உங்ககிட்டக் கேட்டுச்சாமே. கேவுருல பலகாரமான்னு சிரிச்சீங்களாமே. எங்க வூட்டுக்கு வந்தப்ப சொல்லி அழுதுச்சு."

காவேரி கையிலிருந்த தோசைத் திருப்பியை அப்படியே கீழே வைத்தாள். அதே வார்த்தை. அதே சிரிப்பு. இத்தனை வருஷமாக எவளை மனசுக்குள் வைதுகொண்டிருந்தாளோ, அவளும் இதே கதவோரம் வாயடைத்து நின்றிருக்கிறாள். பாவி மகளே, நீயுமா என்று இருந்தது.

பச்சியப்பனுக்கு வெட்கம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. முகம் மலர்ந்துவிட்டது.

"அதான் வாய் நெறயல! மாயவன் பூசாரி சொன்னது சரியாத்தான் இருக்குது! ஏ காவேரி, எலய எடு. உரலக் கழுவு. சிமிலி இடி."

"இப்பவாங்க?"

"பின்ன எப்ப? மூத்தாளு பன்னண்டு வருசமாப் பசியோட நிக்கறா."

உரலில் வெல்லம் ஒட்டாதா, எறும்பு வராதா என்று கேட்க வாய் துடித்தது. கேட்கவில்லை. உயிரோடு இருக்கிறவள் கெஞ்சிக் கிடைக்காதது, செத்தவள் பேரைச் சொன்னதும் ஒரு நொடியில் கிடைத்துவிட்டது.

அடை தட்டினாள். கடலை வறுத்தாள். கண்ணம்மாள் எதிரே நின்று உலக்கை பிடித்தாள். இருவரும் மாற்றி மாற்றிப் போட்டார்கள். 'உஸ், உஸ்' என்று காவேரிக்குத் தன்னாலே மூச்சு வந்தது. அடையும் வெல்லமும் சேர்ந்து நசுங்கி வாசனை எழும்பியபோது கண் நிறைந்துவிட்டது. துடைக்கக் கை ஒழியவில்லை.

வேண்டாமென்று எடுத்துவைத்த ஒப்பட்டை வீணாக்கக் கூடாது என்று பச்சியப்பன் உரலுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து தின்றுகொண்டிருந்தான்.

காவேரி உலக்கையை நிறுத்தினாள்.

"ஏங்க, நான் செத்தா எனக்கு என்னாங்க படைப்பீங்க?"

"இதென்னா கேள்வி?" நெய் வழிந்த விரலை நக்கினான். "ஒப்பட்டுதான். உனக்கு அதுல எம்மாம் ஆசை இருந்தா வருசா வருசம் விழுந்து விழுந்து சுடுவ!"

கண்ணம்மாள் தலையைக் குனிந்துகொண்டாள். காவேரி உரலுக்குள் கையை விட்டு ஒரு பிடி அள்ளினாள். நிதானமாக உருட்டினாள். அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே முழு உருண்டையையும் வாயில் போட்டுக்கொண்டாள்.

பச்சியப்பன் பதறி எழுந்தான். "அடி பாவி! இன்னும் படைக்கலயேடி!"

காவேரி அவசரமே இல்லாமல் மென்று விழுங்கினாள். வெல்லம் சரியாகத்தான் இருந்தது.

"படைச்சாச்சுங்க" என்றாள்.

கண்ணம்மாள் உலக்கையைச் சுவரில் சாத்திவிட்டுத் தன் கையையும் நீட்டினாள்.