அம்மனுக்குச் சாத்திய சேலைகள்

மலேசியாவின் கிள்ளானில் எங்கள் கோயிலின் பொருளறைக்கு நான்தான் பொறுப்பு. அரிசி வைக்கக் கட்டிய அறை அது. இப்போது அம்மனுக்குச் சாத்திய சேலைகள் அங்கே கூரையைத் தொடுகின்றன. ஆடி பிறக்குமுன் எண்ணினேன்: நானூற்றுப் பன்னிரண்டு. அன்னதான அரிசி தாழ்வாரத்தில் கிடந்தது. எலி கடித்த மூட்டைகள் மூன்று.

முன்பெல்லாம் அர்ச்சகர் சாத்திய சேலையைக் கொடுத்தால் பெண்கள் கண்ணில் ஒற்றி வாங்கிக்கொள்வார்கள். இப்போது, "அலமாரி மூட முடியல சாமி" என்று நழுவுகிறார்கள். போன வருடம் ஏலம் விட்டோம். நான் எடுத்த இரண்டோடு ஏலம் முடிந்தது.

தெலுக் பங்லிமா காராங்கில் பழைய துணிகளைத் தரம் பிரித்து மறுபயனுக்கு அனுப்பும் தொழிற்சாலை இருப்பதாகக் கேள்விப்பட்டு, லோரி பிடித்து அத்தனையையும் ஏற்றிக்கொண்டு போனேன். அங்கிருந்த தமிழ் மேற்பார்வையாளர் முதல் மூட்டையைப் பிரித்தார்.

"பாலியெஸ்டர்லா அங்கிள். ஜரிகை வேற, கல்லு வேற. மெஷின்ல போட்டா பிளேடு போயிரும்."

"மறுபடியும் நூலாக்கலாம்னு பேப்பர்ல போட்டிருந்தானே?"

"பேப்பர்ல முடியும். இங்க முடியாது. பத்து வருஷம் கழிச்சு வாங்க, ஒருவேள மெஷின் வந்திருக்கும்."

"அதுவரைக்கும் நான் இருக்கணுமே."

"நீங்க இல்லேன்னாலும் சேல இருக்கும் அங்கிள். இது எங்கயும் போகாது."

பருத்திச் சேலைகளை மட்டும் எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். தேடிப் பிரித்ததில் முப்பத்தொன்று தேறின. துண்டுகளாக வெட்டிப் பட்டறைகளுக்கு விற்பார்களாம். கோயில் தலைவரைப் போனில் அழைத்துச் சொன்னேன்.

"அம்மன் கட்டின சேலையில இஞ்சின் ஆயில் தொடைப்பானுங்களா? படிச்ச மனுஷன் பேசுற பேச்சா அண்ணே இது? ஏத்திட்டு வாங்க!"

நானூற்றுப் பன்னிரண்டும் திரும்பி வந்தன. குப்பையில் போடக் கூடாது, எரிக்கக் கூடாது, கால் படக் கூடாது. வருவதையாவது நிறுத்துவோம் என்று நிர்வாகக் கூட்டத்தில் மன்றாடினேன். இந்த ஆடிக்குச் சேலை வேண்டாம், அரிசியோ எண்ணெயோ கொடுங்கள் என்று வாசலில் ஒரு பலகை. தலைவர் அரைமனதோடு ஒப்புக்கொண்டார். "சண்டைக்கு வந்தா நீங்கதான் பதில் சொல்லணும்."

முதல் ஆடி வெள்ளியன்று பலகையருகே நின்று பதினேழு பேரின் சேலைகளை மறுத்தேன். பதினெட்டாவதாக வந்தவள் செராஸில் இருக்கும் என் மகள். கையில் உறை பிரிக்காத சிவப்புச் சேலை. திங்கட்கிழமை மருமகனுக்கு இதய அறுவை சிகிச்சை.

"பலகையப் படிச்சேன்பா. ஆனா வேண்டிக்கிட்டேனே, நான் என்ன செய்ய?"

உறைக்குள் விரல் விட்டுத் தேய்த்துப் பார்த்தேன். பாலியெஸ்டர். வாங்கிக்கொண்டேன்.

நான் சற்றுமுன் மறுத்த பெண்ணொருத்தி இன்னும் போகாமல் அங்கேயே நின்றிருந்தாள். "அங்கிள் மகள்னாத்தான் அம்மன் வாங்கிக்குவாளா?" என்று கேட்டுத் தன் சேலையை நீட்டினாள். அதையும் வாங்கினேன். பிறகு பலகையை நானே கழற்றினேன்.

அன்று மட்டும் அறுபத்து மூன்று சேலைகள். ஆடியில் இன்னும் மூன்று வெள்ளிகள் இருந்தன.