ஒரு மணிக்கு நூறு நிமிடம்

விமானிப் பயிற்சியின் எழுத்துத் தேர்வு வகுப்பில் சேருமுன், மறந்துபோன கணக்கைத் தூசி தட்டலாம் என்று உத்தமபாளையத்தில் ஒரு டியூஷனுக்குப் போனேன். சார் இரண்டு மாதமும் கால்குலஸாகவே நடத்தினார். "இது எதுக்கு சார்?" என்றால் முறைப்பார். வீட்டிலோ அம்மா, "சார் சொன்னாகன்னா காரணம் இருக்கும்டி" என்று என் வாயை அடைத்துவிடுவாள்.

அந்தத் தேர்வை முடித்துவிட்ட என் பெரியகுளத்துத் தோழி ஒரு மாதிரிக் கணக்கு அனுப்பினாள். மணிக்கு முப்பது லிட்டர் எரிபொருள் குடிக்கும் விமானம், ஒரு மணி நாற்பது நிமிடம் பறக்க எவ்வளவு வேண்டும்? கால்குலேட்டரில் 1.40ஐ முப்பதால் பெருக்கி, நாற்பத்திரண்டு லிட்டர் என்று பதில் போட்டேன்.

உடனே போனில் கூப்பிட்டாள்.

"ஏன்டி, ஒரு மணிக்கு நூறு நிமிஷமா? அம்பது லிட்டர் வேணும். போற ஊருக்கு முன்னாடியே காட்டுக்குள்ள எறங்கிட்டியே, அங்கன என்ன செய்வ?"

எரிச்சல் தலைக்கேறியது. இரண்டு மாதம் மண்டையை உடைத்துக்கொண்டும், கடிகாரக் கணக்கில் கோட்டை விட்டிருக்கிறேன்.

டியூஷனை நிறுத்திவிட்டேன். இப்போதெல்லாம் நிமிடத்தை அறுபதால் வகுத்து எழுதிய பிறகுதான் கால்குலேட்டரைத் தொடுகிறேன். நின்றதற்கான காரணத்தைச் சாரிடம் சொன்னபோது, "அது சின்னப் பிள்ளைக கணக்கும்மா" என்றார்.

அந்தச் சின்னக் கணக்கில்தான் எட்டு லிட்டர் குறைந்தது, சார்.