ஒரு கோடி என்று சிரித்தவர்

எனக்கு நன்றாகப் பொய் சொல்ல வரும். நேரில் சொன்னால் முகம் காட்டிக்கொடுத்துவிடும். போனில் பிசிறே இருக்காது. மதுரையில் ஒரு டிரேட்மார்க் வக்கீலிடம் நான் வேலைக்குச் சேர்ந்தது ஆங்கிலத்துக்காக. அம்மா மிஷன் பள்ளி டீச்சர், வீட்டில் ஆங்கில இலக்கணம் தப்பிப் பேசினால் தட்டில் சோறு விழாது. ஆனால் வக்கீல் என்னை விடாமல் வைத்துக்கொண்டது இந்தப் போன் பொய்க்காகத்தான்.

பெரிய கம்பெனிகளின் பெயரை யாராவது இணையதள முகவரியாகப் பதிந்து வைத்துக்கொள்வார்கள். அதில் போலிச் செருப்பு விற்பார்கள், வேலை வாங்கித் தருவதாகப் பணம் பிடுங்குவார்கள். சிலர் ஒன்றுமே செய்யாமல், கம்பெனிக்காரன் தானாக வந்து காலில் விழட்டும் என்று உட்கார்ந்திருப்பார்கள். அந்த முகவரியைப் பிடுங்கக் கோர்ட்டுக்குப் போக வேண்டியதில்லை. மனுப் போட்டால் ஒரு நடுவர் காகிதங்களைப் படித்துத் தீர்ப்புச் சொல்லிவிடுவார். எதிராளியின் முகத்தை அவர் பார்ப்பதுகூட இல்லை. கெட்ட எண்ணத்தோடு வைத்திருக்கிறான் என்று காட்ட வேண்டும், விற்பதற்காகவே வைத்திருக்கிறான் என்றால் அதுவே கெட்ட எண்ணம். அதனால் நான் வாங்குகிறவள் மாதிரி போன் செய்வேன். அவர்கள் விலை சொல்வார்கள், அழைப்பு பதிவாகும். எல்லாரும் திருடர்கள் என்பதால் எனக்கு ஒருநாளும் உறுத்தவில்லை. உண்மையைச் சொன்னால், மாட்டிக்கொண்டு முழிக்கிறவனை நினைத்தால் இனிக்கும்.

பழங்காநத்தத்தில் ஒருவர் நோயாளிக் கட்டில், வாக்கர், சக்கர நாற்காலி எல்லாம் வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்தார். கடைக்கு மூத்த மகளின் பெயர். தெருவுக்கு நாலு பெண்களுக்கு இருக்கிற பெயர்தான். அதே பெயரில் இணையதளம். அந்த மகளே கல்லூரியில் படிக்கும்போது செய்து கொடுத்தது. துபாயிலும் சிங்கப்பூரிலும் இருக்கிற பிள்ளைகள் அந்த முகவரியைத் தட்டினால், இங்கே படுத்த படுக்கையாகக் கிடக்கிற அப்பன் வீட்டுக்கு ஒரு மணி நேரத்தில் லோடு ஆட்டோவில் கட்டில் போய் இறங்கும். பாதிப் பிழைப்பு அவருக்கு அதில்தான் ஓடியது.

அதே பெயரில் வெளியூரில் ஒரு பெரிய கம்பெனி, முதியோரை வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளும் தொழில், மதுரைக்கு வந்தது. முகவரி வேண்டுமென்று எங்களிடம் வந்தார்கள். இவர் அவர்களுக்கு முன்பே அந்தப் பெயரை வைத்திருந்தவர். ஆனால் நடுவில் ஒரு வருஷம் புதுப்பிக்க மறந்து, சில மாதம் கழித்து மறுபடி வாங்கியிருந்தார். பதிவேட்டில், கம்பெனி தொடங்கியதற்குப் பிந்தைய புதுத் தேதிதான் இருந்தது. அந்த மறதி எங்களுக்கு வசதியாகப் போயிற்று.

என் சீனியரான அந்த வக்கீல் ஃபைலைத் தள்ளிவிட்டுச் சொன்னார்: "இது மட்டும் பத்தாதும்மா. அந்தாளு வாயில இருந்து ஒரு வெலைய வாங்கிரு."

வாங்கினேன்.

"அண்ணே, எம் பொண்ணுக்கும் அதே பேருதாண்ணே. திருப்பரங்குன்றத்துல ஹோம் நர்ஸிங் ஆரம்பிக்கப் போறேன். அந்த வெப்சைட்ட எனக்குக் குடுத்துருங்கண்ணே."

"அட, அப்படியா தங்கச்சி! பாப்பாவுக்கு எத்தன வயசு?"

"ஆறுண்ணே." எனக்கு அப்போது கல்யாணமே ஆகவில்லை.

"நல்லாருக்கட்டும். ஆனா பாருங்க, நமக்கு ஆர்டரெல்லாம் அதுலதான வருது..." என்று இழுத்தார். முடியாது என்று ஒரு பெண்பிள்ளையிடம் முகத்தில் அடித்த மாதிரி சொல்ல அவருக்கு மனமில்லை. நான் விடவில்லை. எம்புட்டுன்னாலும் சொல்லுங்கண்ணே, எம்புட்டுன்னாலும் சொல்லுங்கண்ணே என்று மூன்று தடவை கேட்டேன்.

"அப்ப ஒண்ணு செய்யுங்க தங்கச்சி. ஒரு கோடி குடுத்துருங்க, இன்னைக்கே எழுதித் தாரேன்" என்று சொல்லிவிட்டு வாய்விட்டுச் சிரித்தார். நானும் கூடச் சிரித்தேன்.

எங்கள் பக்கத்தில் இதற்கு என்ன அர்த்தம் என்று எல்லாருக்கும் தெரியும். கீழக்குயில்குடியில் எங்களுக்கு இருந்த துண்டு நிலத்தை ஒரு புரோக்கர் சுற்றிச் சுற்றி வந்து கேட்டபோது, என் அப்பா இப்படித்தான் வாயில் வந்த தொகையைச் சொல்லி, காபியும் கொடுத்து அனுப்பினார். புரோக்கரும் சிரித்துக்கொண்டே வண்டியை எடுத்தார். தர மாட்டேன் என்பதை மனசு நோகாமல் சொல்லும் விதம் அது. நடுவர் டெல்லியில் இருந்தார். அவருக்கு அது ஒரு கோடி ரூபாய்தான்.

அந்தப் பேச்சை ஆங்கிலத்தில் பெயர்த்துக் கொடுத்தது நான். பாப்பாவின் வயதை விட்டுவிட்டேன். ஆர்டரெல்லாம் அதில்தான் வருகிறது என்பதையும் விட்டுவிட்டேன். சிரிப்பையும் எழுதவில்லை. மிச்சம் இருந்தது பச்சையான பேரம். சீனியர் படித்துப் பார்த்து, "நீ பொழச்சுக்குவம்மா" என்றார். எனக்கு அன்றெல்லாம் கால் தரையில் பாவவில்லை.

மனு அவருக்குப் போய்ச் சேர்ந்து ஒரு வாரம் இருக்கும். வாங்குகிறவளாகப் பேச நான் வைத்திருந்த தனிப் போன் அடித்தது. அவர்தான்.

"தங்கச்சி, ஒரு கட்டுப் பேப்பர் வந்துருக்கு. எல்லாம் இங்கிலீசு. கம்ப்யூட்டர் கடைத் தம்பி படிச்சுச் சொன்னாப்ல. நான் ஒரு கோடிக்கு வெல பேசினேன்னு அதுல போட்ருக்காம். நம்ம ரெண்டு பேரு பேசினதுதான தங்கச்சி அது? போன ஒட்டுக்கேட்டுருக்கானுக. உங்க போனையும் சூதானமா வச்சுக்கங்க."

என்மேல் அவருக்கு ஒரு துளிச் சந்தேகம்கூட வரவில்லை. பயந்துகொண்டு உட்கார்ந்திருந்த எனக்கு அதைக் கேட்டதும் எரிச்சல்தான் வந்தது. இம்புட்டு நம்புகிறவரைப் பிடித்து உலுக்க வேண்டும் போல இருந்தது.

"இன்னும் பத்து நாளு இருக்காம் பதில் போட. நீங்க மட்டும் ஒரு லெட்டர் எழுதிக் குடுத்தாப் போதும். விக்கிற எண்ணமே இல்லாம, வெளையாட்டுக்குச் சொன்னாருன்னு. உங்களத் தவிர எனக்கு வேற சாட்சி இல்ல தங்கச்சி. பெத்த மக பேர யாராச்சும் விப்பாங்களா? அன்னைக்கே உங்களுக்குப் புரிஞ்சுச்சுல்ல?"

"இல்லண்ணே. நீங்க வெலதாண்ணே சொன்னீங்க. நெசமாத்தான் கேக்குறீங்கன்னு நெனச்சேன். வீட்டுக்கு வந்து அழுதேன், இம்புட்டுப் பேராசை பிடிச்ச மனுசரான்னு."

அந்தப் பக்கம் யாரோ வாக்கரை இழுத்துப் போடும் சத்தம் கேட்டது.

"அப்படியா தோணுச்சு? அப்ப நாந்தான் தப்பாப் பேசிட்டேன் போல" என்றார். "மன்னிச்சுக்கங்க தங்கச்சி."

அவர் நடுவருக்குப் பதில் போடவே இல்லை. போட்டிருந்தால் ஜெயித்திருப்பார் என்று பின்னால் சீனியரே சொன்னார். முகவரி கம்பெனிக்குப் போயிற்று. துபாய்ப் பிள்ளைகள் இப்போதும் அதே பெயரைத் தட்டுகிறார்கள். கட்டில் வேறு இடத்திலிருந்து வருகிறது.

நான் அந்த வேலையை விட்டுப் பல காலமாயிற்று. முதல் அழைப்பைப் பற்றிக் கேட்டால், சம்பளம் வாங்கினேன், சொன்னதைச் செய்தேன் என்று என்னால் சொல்ல முடியும். இரண்டாவது அழைப்பு வந்தது சீனியருக்குத் தெரியாது, கம்பெனிக்கும் தெரியாது. போனை எடுக்காமல் இருந்திருக்கலாம், எடுத்தாலும் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். அழுதேன் என்று என்னைச் சொல்லச் சொன்னவர் யாருமில்லை.