பேஸைக் கூட்டிய பிற்பகல்

வெள்ளைக்காரன் ஆட்சி முடியப்போகிற காலம். கொட்டாஞ்சேனையில் கூட்டங்களுக்கு ஒலிபெருக்கி வாடகைக்கு விடும் கடையில் எனக்கு வேலை. புதிதாக வந்த அம்பிளிஃபயரில் இரண்டு குமிழ்கள் இருந்தன: ஒன்று குரலின் கனத்துக்கு, மற்றது கூர்மைக்கு. கனத்தை நாங்கள் பேஸ் என்போம். அந்தக் குமிழைப் பதமாகத் திருகத் தெரிந்ததில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

துறைமுகத்தில் வேலைநிறுத்தம் நடந்தபோது தொழிலாளர் சங்கம் ஒரு தகரக்கூரை மண்டபத்தில் கூட்டம் வைத்தது. என் தம்பி துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவன். கூட்டத்துக்குப் பின்னால், மண்டப வாசலோரம் நின்றான். சங்கத் தலைவருக்குக் கீச்சுக் குரல். போன கூட்டத்தில் யாரோ சிரித்துவிட்டார்களாம்.

"பேஸைக் கூட்டி விடும். குரல் கனமா வரோணும்," என்றார்.

தகரக்கூரைக்கு அது ஆகாது, எதிரொலியில் சொற்கள் குழம்பும் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும், பெரிய மனிதர் கேட்கிறாரே என்று குமிழை முழுவதுமாகத் திருகினேன். மண்டபமே அதிர்ந்தது. அவருக்குப் பரம திருப்தி.

பேச்சின் நடுவே ஒருவர் ஓடிவந்து, துறைமுகக் கேற் வாசலில் பொலிஸ் குண்டாந்தடிப் பொல்லுகளோடு நிற்பதாகத் தலைவரின் காதில் சொன்னார். பக்கத்தில் இருந்ததால் எனக்கும் கேட்டது. தலைவர் ஒலிவாங்கியை இறுகப் பிடித்தார்.

"ஒருத்தரும் கேற்றடிக்குப் போகாதேங்கோ."

பின்னால் நின்றவர்கள் ஆரவாரத்துடன் வெளியே பாய்ந்தார்கள். எனக்கு ஒரு கணம் ஒன்றும் விளங்கவில்லை. பிறகு புரிந்தது. நம் பாஷையில் 'வேண்டாம்' என்பது வினைச்சொல்லின் நடுவே சின்னதாக ஒட்டிக்கொண்டிருக்கும். அந்தக் 'காதே' முழக்கத்தில் அமுங்கிப்போயிற்று. அவர்களுக்குக் கேட்டது 'கேற்றடிக்குப் போங்கோ' மட்டும்தான்.

பேஸை அடிமட்டத்துக்குக் குறைத்தேன். தலைவரைத் திரும்பச் சொல்லச் சொன்னேன். கீச்சுக் குரல்தான்; ஆனால் ஒவ்வொரு எழுத்தும் தெளிவாகப் போயிற்று. முன்வரிசையில் எழுந்தவர்கள் அப்படியே நின்றுவிட்டார்கள். மண்டப வாசலைப் பார்த்தேன். தம்பி இல்லை.

பொல்லடியில் அவனுடைய வலது கை முறிந்தது. அடுத்த வாரம் அதே மண்டபத்தில், சொல் கேளாமல் போனவர்களைச் சங்கத்திலிருந்து நீக்கப்போவதாகத் தலைவர் அறிவித்தார். சங்கம் கைவிட்டால் துறைமுகத்தில் யார் அவனைச் சேர்ப்பார்கள்? தம்பி கட்டுப்போட்ட கையோடு எழுந்து, நீங்கள் போகச் சொல்லித்தான் போனோம் என்றான். பொய் என்றார் தலைவர்.

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. இவருடைய குரல் ஆசைக்கு என் தம்பி பொய்யனா? என் வேலை போனால் போகட்டும் என்று ஒலிவாங்கியைப் பறித்தேன். பேஸைக் கூட்டச் சொன்னது அவர், கூட்டினது நான், சொல்லைத் தின்றது அந்த முழக்கம் என்று போட்டு உடைத்தேன். தலைவர், நீக்கப்போகிறவர்களின் பெயர்கள் எழுதிய தாளை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தார்.

தம்பி என் பக்கம் திரும்பினான்.

"சொல்லு குழம்பும் எண்டு உனக்கு அப்பவே தெரியுமோ, அண்ணை?"

பொய் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"ஓம்," என்றேன்.