சந்தனம் வைத்த ஹார்டு டிஸ்க்

எங்கள் வீட்டுக் கணினி ஒரு நாள் காலையில் தனக்கு வயதாகிவிட்டது என்று அறிவித்தது. மிகவும் மரியாதையான ஆங்கிலம். இந்த அக்டோபரோடு பழைய இயங்குதளத்துக்குப் பராமரிப்பு நின்றுவிடும், அதன்பிறகு பாதுகாப்பு கிடையாது, உடனே புதியதற்கு மாறிக்கொள்ளுங்கள் என்றது. ஐம்பதைத் தாண்டியவனுக்கு இது புதிய செய்தி அல்ல. பல் டாக்டரும் கண் டாக்டரும் ஏறக்குறைய இதையேதான் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் புதியதற்கு மாறும் வசதி அவர்களிடம் இல்லை.

‘பிறகு நினைவூட்டு’ என்ற பொத்தானை அமுக்கினேன். என் வாழ்க்கையின் முக்கியமான முடிவுகளில் பெரும்பாலானவை அந்தப் பொத்தானை அமுக்கி எடுக்கப்பட்டவை.

அந்தக் கணினியில் நிறைய இருந்தது. நான் ஆரம்பித்து முடிக்காத கட்டுரைகள் இருந்தன. அவை அழிந்தால் உலகம் ஒரு வேளைச் சாப்பாட்டைக்கூடத் தள்ளிவைக்காது. சொந்தக்காரர்கள் வரிசையாக நின்று கண்ணை மூடிக்கொண்டிருக்கும் கல்யாண போட்டோக்கள் இருந்தன. தொலைந்தால் தாங்க முடியாதது ஒன்றே ஒன்றுதான். ‘ஏழாம் வகுப்பு அறிவியல்’ என்று பெயரிட்ட ஒரு ஃபோல்டர். அதில் என் மனைவியின் குரல் இருந்தது.

அவள் அரசுப் பள்ளியில் அறிவியல் ஆசிரியையாக இருந்தாள். மைக் இல்லாமலே கடைசி பெஞ்சின் தூக்கத்தைக் கலைக்கும் குரல். கொரோனா காலத்தில் பள்ளியைப் பூட்டியபோது, வேங்கிக்காலில் உள்ள இதே வீட்டில் படுக்கையறைக் கதவைச் சாத்திக்கொண்டு, இந்தக் கணினி முன் உட்கார்ந்து பாடங்களைப் பதிவுசெய்து பிள்ளைகளின் போன்களுக்கு அனுப்பினாள். சில வருடங்கள் கழித்துத் தொண்டையில் ஆறாத ஒரு கரகரப்பு வந்தது. சளி என்று நினைத்துக் கஷாயம் குடித்தாள். சளி இல்லை. சென்னையில் குரல்வளையை முழுதாக எடுத்துவிட்டார்கள். உயிர் வேண்டுமா குரல் வேண்டுமா என்பதை அந்த டாக்டர், இட்லியா தோசையா என்பதுபோல அத்தனை இயல்பாகக் கேட்டார். ஆபரேஷன் தியேட்டருக்குள் தள்ளிக்கொண்டு போகும்போது அவள் சொந்தக் குரலில் கடைசியாகச் சொன்னது: “கேஸ மூடிட்டு வந்தீங்களா?”

மூடியிருந்தேன்.

இப்போது அவள் உதட்டை மட்டும் அசைத்துப் பேசுகிறாள். சத்தம் வராது. நான் பார்த்துப் புரிந்துகொள்ள வேண்டும். நிறையப் படித்தவன் என்று என்னைப் பற்றி ஊரில் ஓர் அபிப்பிராயம் உண்டு. அந்த உதடுகளை மட்டும் இன்றுவரை எழுத்துக்கூட்டித்தான் படிக்கிறேன். இரண்டு தடவை ‘என்ன?’ என்று கேட்டால் முறைப்பாள். மூன்றாவது தடவை போனில் தட்டச்சு செய்து என் மூக்குக்கு நேராக நீட்டுவாள்.

ஆபரேஷனுக்குப் பிறகு அந்த ஃபோல்டரை ஒரே ஒரு முறை திறந்தேன். செரிமான மண்டலம். பாடத்தின் நடுவில் குக்கர் விசில் அடிக்கிறது. “அது குக்கர், என் குடல் இல்ல” என்று பிள்ளைகளிடம் சொல்லிவிட்டு, கதவைத் தாண்டி எனக்கு ஒரு கத்தல்: “மூணு விசில் வந்தாச்சு, காது கேக்கலையா அங்க?” பிறகு அதே மூச்சில் சிறுகுடலுக்குத் திரும்புகிறாள். அதற்கு மேல் என்னால் கேட்க முடியவில்லை. மூடிவிட்டேன். ஆனால் அது அங்கே இருக்கிறது என்ற தைரியம் இருந்தது.

‘பிறகு நினைவூட்டு’ பொத்தான் தீர்ந்துபோன ஒரு நாளில் என் மச்சான் வந்தான். மனைவியின் தம்பி. அடி அண்ணாமலையில், கிரிவலப் பாதையோரம் ஆன்லைன் சென்டர் வைத்திருக்கிறான். சாதிச் சான்றிதழ், பட்டா, ஜெராக்ஸ், எல்லாம் செய்வான். பௌர்ணமியன்று கம்ப்யூட்டரை மூடிவைத்துவிட்டுத் தண்ணீர் பாட்டில் விற்பான்.

“இன்னா மாமா, இன்னும் இந்தப் பழசையே வெச்சிகினு இருக்கீங்க?”

“அப்படியே மேலாக்கப் புதுசு ஏத்த முடியாதா?”

“ஏத்தலாம். ஆன் பண்ணிட்டு நீங்க ஒரு கிரிவலம் போய்ட்டு வாங்க, அதுக்குள்ள ஸ்கிரீன் வரும். குப்பை ஜாஸ்தி மாமா. மொத்தமா தொடச்சிட்டுப் போட்டாதான் ஆவும்.”

“தொடச்சிட்டா, உள்ள இருக்கறது?”

“அதான் மொதல்ல தனியா ஒரு டிஸ்க்ல எடுத்து வெச்சிக்கணும். நான் என்ன பச்சப்புள்ளையா?”

என் மனைவி உள்ளிருந்து எட்டிப் பார்த்து உதட்டை அசைத்தாள். அவன் சிரித்தான். அக்காவின் உதடு அவனுக்கு உடனே புரியும். “பச்சப்புள்ளைங்க இதவிட ஒழுங்கா செய்யுமாம் மாமா. பாத்தீங்களா, குரல் போயும் வாய் போவல.”

கைக்குள் அடங்கும் ஒரு கறுப்புப் பெட்டியை வாங்கி வந்தான். அதில் எல்லாவற்றையும் ஏற்றினான். ஏற்றி முடித்தது சரஸ்வதி பூஜையன்று காலையில். கம்பியைக் கழற்றிப் பெட்டியை மேஜைமேல் வைத்துவிட்டு, தன் கடைப் பூஜைக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பிப் போனான். ஒரு முறை திறந்து பார்த்துவிடலாம் என்று நான் கண்ணாடியைத் தேடி எடுத்து வருவதற்குள், என் மனைவி பெட்டியை எடுத்துப் பூஜையில் வைத்துவிட்டாள். கணினிக்கும் மாலை விழுந்திருந்தது.

“ஒரு நிமிஷம், பார்த்துட்டுத் தந்துடறேன்” என்றேன்.

இரண்டு கையையும் விரித்து மறித்தாள். பூஜையில் வைத்ததை மறுநாள் எடுக்கும்வரை தொடக்கூடாது. சிறுவயதில் இந்த ஒரு விதிக்காகவே எனக்குச் சரஸ்வதியைப் பிடிக்கும். ஒரு நாள் முழுக்கப் புத்தகத்தைத் தொடக்கூடாது என்று சொல்லும் வேறு கடவுள் கிடையாது. கல்லூரியில் நாத்திகம் பேசினேன். அதனால் என்ன? தொடவில்லை.

சந்தனம் குங்குமம் வைப்பது மட்டும் வீட்டு ஆண்பிள்ளையின் உத்தியோகம். ஸ்கூட்டர், மிக்ஸி, அரிவாள்மனை, இஸ்திரிப் பெட்டி எல்லாவற்றுக்கும் வைத்துக்கொண்டே வந்தேன். அந்தக் கறுப்புப் பெட்டிக்கு மட்டும் நெற்றி எது என்று தெரியவில்லை. நாலாபுறமும் வழவழ. ஒரு பக்கத்தில் சின்னதாக, மெல்லிய வாய்போல ஒரு பிளவு இருந்தது. பொட்டு வைப்பதற்கென்றே செய்ததுபோல அத்தனை அளவான இடம். கம்பியைச் செருகும் துளை அதுதான் என்பது எனக்குத் தெரியாததல்ல. அந்த நேரத்தில் அது பொட்டு வைக்கும் இடமாகத்தான் தெரிந்தது. சந்தனத்தை ரோஜாத் தண்ணீர் விட்டுக் கொஞ்சம் தாராளமாகவே கரைத்திருந்தேன்.

மறுநாள் விஜயதசமி. மச்சான் காலையிலேயே வந்துவிட்டான்.

“நல்ல நேரம் போறதுக்குள்ள தொடங்கிடணும் மாமா. இன்னிக்கி ஆரம்பிச்சா மெஷினு தகராறே பண்ணாது.”

“டிஸ்கைத் திறந்து ஒரு தடவை சரிபார்த்துட்டு...”

“நான்தான ஏத்தனேன்? முழுசா ஏறிடுச்சுனு காட்டுச்சு. நீங்க தெறந்து மூடறதுக்குள்ள ராகு காலம் வந்துடும்.”

ராகு காலத்தை நான் நம்புவதில்லை. ஆனால் மற்றவர்களின் நம்பிக்கை எனக்கு அவசரமாகத் தொற்றிக்கொள்ளும். அவன் கணினியைத் துடைத்தான். பழையது மொத்தமும் போயிற்று. புதியது ஏறியது. திரையில் பளபளவென்று ஓர் ஏரி, மலை, வெளிச்சம். “இப்ப குடுங்க டிஸ்க” என்றான்.

பிளவில் சந்தனம் காய்ந்து அடைத்திருந்தது. அவன் ஊக்கால் சுரண்டினான். நான் ஈரத்துணியைக் கொண்டுவந்து கொடுத்தேன். எங்கள் குடும்பத்தில் அழுக்கு என்றால் ஈரத்துணி. அவனும் துடைத்தான், அரும்பாடுபட்டுச் செருகினான். பெட்டியில் ஒரு சின்ன விளக்கு எரிந்தது. உள்ளே பல்லி உச்சுக்கொட்டுவதுபோல டிக் டிக் என்று சத்தம் வந்தது. பிறகு சத்தமும் இல்லை, விளக்கும் இல்லை. கருகல் வாசனை ஒன்று மெல்ல எழுந்தது. சந்தன வாசனைதான் என்று நினைத்துக்கொள்ள முயன்றேன்.

மச்சான் கம்பியைப் பிடுங்கிச் செருகினான். மறுபடியும் பிடுங்கிச் செருகினான். கதவருகில் நின்றிருந்த என் மனைவி உதட்டை அசைத்தாள். ஒரே தடவையில் எனக்குப் புரிந்த வெகுசில வார்த்தைகளில் அது ஒன்று.

“போச்சா?”

போயிருந்தது. சென்னையில் இதற்கென்றே இருக்கும் ஓர் இடத்துக்குப் பெட்டியையும், கணினிக்குள் இருந்த டிஸ்கையும் கழற்றி எடுத்துப் போனோம். வரவேற்பில் இருந்த பெண், இறந்துபோனவரைப் பற்றி விசாரிப்பதுபோல மெதுவாகப் பேசினாள். சில நாட்கள் கழித்துப் பதில் வந்தது. கறுப்புப் பெட்டி கருகியதோடு இல்லாமல் உள்ளே தகடும் கீறிவிட்டது, அதிலிருந்து எதுவும் வராது. கணினியின் டிஸ்கிலிருந்து, புதியது ஏறிய இடம் போக, மிச்சம் இருந்ததைத் தோண்டி, டிஸ்கோடு சேர்த்து அனுப்பியிருந்தார்கள். என் முடிக்காத கட்டுரைகள் ஒரு வரி குறையாமல் வந்திருந்தன. கண்ணை மூடிய சொந்தக்காரர்கள் அனைவரும் வந்திருந்தார்கள். ஏழாம் வகுப்பு அறிவியலில் பாடங்களின் தலைப்பு மட்டும் வந்திருந்தது. ஒவ்வொன்றாகத் திறந்தேன். மழை பெய்வதுபோல ஓர் இரைச்சல், அவ்வளவுதான்.

பிள்ளைகளுக்கு அனுப்பியிருந்தாளே என்று அப்போதுதான் தோன்றியது. அவளுடைய பழைய போன், பாடம் அனுப்பியதற்கு அடுத்த வருடமே தண்ணீர்த் தொட்டியில் விழுந்து செத்திருந்தது. அதனால் வீடு வீடாகப் போனேன்.

“டீச்சரம்மா பாடமா? அந்த போனு எப்பவோ ஒடஞ்சி போச்சு சார். டீச்சரம்மா நல்லா இருக்காங்களா?”

“மெமரி ஃபுல்லுனு காட்டிகினே இருந்துச்சு சார். எல்லாத்தையும் அழிச்சிட்டேன். தப்பா எடுத்துக்காதீங்க.”

கடைசியாக அடி அண்ணாமலையில் ஒரு வீடு. என் மனைவியிடம் படித்த பெண் இப்போது கல்லூரிக்குப் போகிறாள். அவளிடமும் இல்லை. “ஆனா டீச்சர் குரல் எனக்கு அப்படியே வரும் சார்” என்று எழுந்து நின்று, இடுப்பில் கையை வைத்துக்கொண்டாள். “கடைசி பெஞ்ச், அங்க என்ன மாநாடு? எனக்கும் ஒரு சீட் போடுங்க, வரேன்!” அவள் அம்மாவும் தம்பியும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நன்றாகத்தான் செய்தாள். பள்ளிப் பிள்ளைகள் வாத்தியாரைச் செய்துகாட்டுவது எப்படி இருக்குமோ அப்படி, எல்லாமே ஒரு படி கூடுதலாக இருந்தது. வீட்டுக்கு வரும் வழியில் வண்டியை ஓரமாக நிறுத்தி, என் மனைவியின் குரலை நினைவுக்குக் கொண்டுவரப் பார்த்தேன். அந்தப் பெண் செய்த குரல்தான் வந்தது.

செய்தி எனக்கு முன்னால் வீட்டுக்குப் போயிருந்தது. செருப்பைக் கழற்றுவதற்குள் போன் என் மூக்குக்கு நேராக வந்தது.

‘ஊரெல்லாம் போய் என் குரலைப் பிச்சை கேக்கறீங்களாமே. நான் செத்துட்டேனா?’

பதில் சொல்ல வாயெடுத்தேன். என்னால் பேச முடியும் என்பது அந்த வீட்டில் ஒரு நியாயமற்ற அனுகூலம். மூடிக்கொண்டேன். அதற்குப் பிறகு எங்கும் போய்க் கேட்கவில்லை.

மச்சான் இரண்டு வாரம் இந்தப் பக்கமே வரவில்லை. வந்தபோது மன்னிப்பு கேட்கத் தெரியாதவர்கள் செய்வதைச் செய்தான்: புதிதாக ஒன்றைப் பொருத்திக் கொடுத்தான்.

“அக்கா, இதப் பாரு. புதுசுல இது ஒண்ணு கீது. நீ டைப் பண்ணு, அதுவே தமிழ்ல பேசும். பொம்பள குரலு.”

அவன் ஸ்பீக்கரைக் கணினியில் மாட்டி, சத்தத்தைக் கூட்டிவைத்தான். அவள் உட்கார மாட்டேன் என்றுதான் நினைத்தேன். உட்கார்ந்தாள். நான் பக்கத்து அறையில் வாசற்படியோரம் நாளிதழைப் பிடித்துக்கொண்டிருந்தேன், படிக்கவில்லை. விசைகள் தட்டும் சத்தம் கேட்டது. பிறகு ரயில் நிலைய அறிவிப்புபோல, ஊர் பேர் இல்லாத, திருத்தமான ஒரு பெண்குரல் வீட்டுக்குள் ஒலித்தது.

“என்னங்க.”

“ம், சொல்லு” என்றேன்.

யோசிக்காமல் வந்துவிட்டது. கல்யாணமான நாளிலிருந்து அந்த ஒரு சொல்லுக்கு என் வாய் தானாகவே திறந்து பழகியிருக்கிறது. யார் கூப்பிட்டது என்று அது விசாரிப்பதில்லை. நிமிர்ந்து பார்த்தேன். ஸ்பீக்கரைப் பார்த்தேன், அவளை அல்ல. அதை அவள் பார்த்துவிட்டாள்.

மச்சான் மட்டும் சந்தோஷமாக இருந்தான். “பாத்தியாக்கா? மாமா பதிலே சொல்லிட்டாரு!”

அவள் எழுந்து ஸ்பீக்கர் வயரைப் பிடுங்கினாள். கோபமாக அல்ல, வேலை முடிந்த இஸ்திரிப் பெட்டியைக் கழற்றுவதுபோல. என் அறைக்கு வந்தாள், நாளிதழைக் கையிலிருந்து எடுத்துக் கீழே வைத்தாள், வெளிச்சம் தன் முகத்தில் விழும்படி எனக்கு நேர் எதிரே நின்றுகொண்டாள். பிறகு, கேட்க நினைத்ததைக் கேட்டாள்.

புரியவில்லை. ‘என்ன?’ என்றேன். மறுபடியும் சொன்னாள். மறுபடியும் ‘என்ன?’ என்றேன். அவள் கையில் போன் இருந்தது. அதை நீட்டவில்லை. மூன்றாவது தடவை, கடைசி பெஞ்சுக்குச் சொல்வதுபோல நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். தம்பி சாப்பிட்டுவிட்டுப் போவானா, அரிசி கொஞ்சம் கூடப் போடவா என்று கேட்கிறாள்.

“போடு” என்றேன்.