பொடிசின் கறுப்புத் தலை

ஏழாம் மாதத்தில் பிறந்து, தேறாது என்று எல்லாரும் கைவிட்ட பிறகும் பிழைத்துக்கொண்டது முதல் ஜெயம். பிஸ்கட் கம்பெனியில் பெட்டி கட்டும் பெண்கள் நாளெல்லாம் நின்றே வேலை செய்த காலத்தில், மேலாளரோடு மல்லுக்கட்டி எல்லாருக்கும் முக்காலி வாங்கிக் கொடுத்தது அடுத்தது. வீடே எதிர்த்தும் கம்பெனி வேன் டிரைவரைத்தான் கட்டுவேன் என்று ஒற்றைக்காலில் நின்றது, கட்டிய பிறகு அவரைக் குடியிலிருந்து மீட்டது, மகனை இன்ஜினியர் ஆக்கியது, தெருமுனைக்கு பஸ் நிறுத்தம் வரவழைத்தது. தங்கையைப் பற்றி யார் கேட்டாலும் அக்கா இப்படி வரிசையாகத்தான் சொல்வாள். ஒன்றையும் விடமாட்டாள். "பள்ளிக்கூடத்துப் பக்கமே போகாதவ" என்பதை மட்டும் கடைசியில், கொஞ்சம் நிறுத்திச் சொல்வாள்.

பொடிசு என்று சிறுவயதில் வைத்த பேர் அறுபத்தொன்பது வயதிலும் தங்கையைவிட்டுப் போகவில்லை. புருஷனும் அப்படித்தான் கூப்பிடுவார். இரண்டு வருடமாக அவருக்கு ஞாபகம் பிசகிக்கொண்டே வந்தது. மகன் பேர் மறந்தது, வீட்டு வழி மறந்தது. பொடிசு மட்டும் மறக்கவில்லை. அவருக்குத்தான் வாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துவிட்டது.

ஆஸ்பத்திரி அவசரப் பிரிவிலிருந்து அவரை முதியோர் வார்டுக்கு மாற்றும்போது பொடிசு மாத்திரை வாங்கும் வரிசையில் நின்றிருந்தாள். அக்காதான் வார்டு நர்ஸிடம் பேசினாள்.

"கூட இருக்கப் போறது யாரு? நீங்களாம்மா? வயசு என்ன?"

"எழுபத்திநாலு."

"அறுபத்தஞ்சு தாண்டினவங்களைத் துணைக்கு விடமாட்டோம். போன மாசம் துணைக்கு வந்த ரெண்டு பேரு வழுக்கி விழுந்து, இப்ப அவங்களும் இங்கதான் படுத்திருக்காங்க. துணைக்குத் துணை நான் எங்க போய்த் தேடறது?"

"என் தங்கச்சி வருவா."

"அவங்களுக்கு எத்தனை?"

பொய் சொல்லிப் பழகாத வாய். "அறுபது இருக்கும்" என்றாள் அக்கா.

"சாயங்காலத்துக்குள்ள வரச் சொல்லுங்க. இல்லன்னா பெட்டை வேற ஆளுக்குக் கொடுத்துடுவோம். வராந்தாவைப் பாத்தீங்கல்ல?"

பார்த்திருந்தாள். வராந்தா நெடுகக் கிழவர்களும் கிழவிகளும் தள்ளுவண்டிகளில் கிடந்தார்கள். பக்கத்தில் துணைக்கு நின்றவர்களும் அதே வயது.

தங்கையும் அக்காவும் வேறு ஆள் தேடாமல் இல்லை. தெருவை வீடு வீடாக யோசித்தார்கள். தையல்காரருக்கு இரண்டு முழங்காலும் போய்விட்டது. மாடிவீட்டு டீச்சரம்மாவே ஆஸ்பத்திரிக்குப் போகத் துணை தேடிக்கொண்டிருந்தார். எதிர்வீடு பூட்டிக் கிடந்தது. கடல் தாண்டி இருக்கும் மகன் போனில், "ஆள் போட்டுக்கோம்மா, நான் பாத்துக்கறேன்" என்றான். ஆள் அனுப்பும் இடத்தில் கேட்டால், "எங்க ஆளுங்களுக்கே வயசாயிடுச்சும்மா" என்றார்கள்.

அப்போதுதான் அக்காவுக்கு அந்த யோசனை வந்தது. கடையில் சாயப் பொட்டலம் வாங்கி வந்து, தங்கையைக் குளியலறையில் உட்கார வைத்தாள். வகிடு வகிடாகப் பிரித்து, காதோரம், பிடரி எதையும் விடாமல் பூசினாள்.

"பூசறியா, சுவத்துக்கு வெள்ளையடிக்கிறியா?"

"வெள்ளைதான் ஏற்கெனவே இருக்கே. தலையை ஆட்டாதடி."

"இந்தக் கோலத்துல பாத்தா அவரு இன்னொரு தடவை கட்டிக்கறியான்னு கேப்பாரு."

"இந்தத் தடவையாவது மாட்டேன்னு சொல்லு."

இருவரும் சிரித்தார்கள். சாயங்காலம் நர்ஸ் அந்தக் கறுப்புத் தலையை ஒருமுறை பார்த்துவிட்டு உள்ளே விட்டாள். பெட் நிலைத்தது.

மறுநாள் பார்வை நேரத்தில் அக்கா போனபோது பொடிசு கையில் பால் டம்ளரோடு நின்றிருந்தாள். பால் ஆறி ஆடை படிந்திருந்தது. அவர் உதட்டை இறுக்கிக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பியிருந்தார்.

"நேத்திலிருந்து ஒரு வாய் வாங்கல. என்னை யாருன்னு கேக்கறாரு" என்றாள் அக்காவிடம்.

"நான்தாங்க, பொடிசு" என்று அவர் பக்கம் குனிந்தாள்.

அவர் திரும்பிப் பார்த்தார். குழறலாக, ஆனால் புரியும்படி சொன்னார்: "பொடிசு தலை பஞ்சா இருக்கும்."

"சாயம் பூசியிருக்கேங்க. அக்கா பூசிவிட்டா."

வெகுநேரம் அவள் முகத்தையே பார்த்தார். "அவ குரல்லயே பேசறே. அவளை எங்க வெச்சிருக்கீங்க?"

பிறகு அக்காவைக் கண்டுகொண்டார். "அக்கா, பொடிசு எங்க போனா? சொல்லாமப் போகமாட்டாளே."

அக்கா டம்ளரை வாங்கி நீட்டினாள். "அவ வரட்டும்" என்று வாயை மூடிக்கொண்டார்.

சோப்புப் போட்டுத் தேய்த்தார்கள். தலைதான் எரிந்தது, நிறம் போகவில்லை. பொடிசு துண்டால் தலையை மூடிக்கொண்டு போனாள். நர்ஸ் என்று நினைத்துக் கையைத் தட்டிவிட்டார். தலை வெளுத்தால் பெட் போய்விடும். வெளுக்காவிட்டால் ஆள் போய்விடுவார்.

டாக்டர் மூக்கு வழியாகப் பால் இறக்கக் குழாய் போட்டார். படுத்திருந்தவர் அதைப் பிடுங்கினார். மறுபடி போட்டுவிட்டு, நல்லாயிருந்த ஒரு கையையும் துணியால் கட்டிலோடு கட்டினார்கள். "ஒவ்வொருத்தர் கையையும் பிடிச்சுக்கிட்டு உக்கார எங்ககிட்ட ஆள் இல்லம்மா" என்றார் டாக்டர். அவரும் தூங்கிப் பல நாள் ஆனவர்போல்தான் இருந்தார்.

"அவுத்து விடுங்க. நான் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன்" என்றாள் பொடிசு.

"சாப்பிடலன்னா அதிக நாள் தாங்கமாட்டாரு. தெரிஞ்சுதான் சொல்றீங்களா?"

"தெரிஞ்சுதான்."

வெளியே வந்ததும் அக்கா அவள் கையைப் பிடித்தாள். "இங்கேயாவது மூச்சு இருக்கும்டி. முடி வெளுத்ததும் உன்னைக் கண்டுக்குவாரு."

"வெளுக்கறவரைக்கும் இருக்கமாட்டாருக்கா." பொடிசு அழவில்லை. "காலமெல்லாம் வண்டி ஓட்டின கை. கட்டிப் போட்டு அனுப்பச் சொல்றியா?"

அக்கா பிடித்த கையை விட்டாள். சாயக் கறை இன்னும் அவள் நகக்கண்ணில் இருந்தது.

அலுவலக ஜன்னலில் இருந்தவர் காகிதத்தை நீட்டினார். "சொந்தப் பொறுப்புல கூட்டிட்டுப் போறதுக்குக் கைநாட்டு எடுக்கமாட்டோம். கையெழுத்துப் போடணும்."

"நான் போடறேன்" என்று அக்கா பேனாவை எடுத்தாள்.

"நீ தள்ளுக்கா. அவரு சம்சாரம் நானு."

பொடிசு குனிந்து, ஒவ்வொரு எழுத்தாக வரைந்தாள். கம்பெனியில் கட்டிய பெட்டிக்கெல்லாம் கட்டியவர் பேர் அச்சடித்த சீட்டு ஒட்டவேண்டும். வருடக்கணக்கில் தன் சீட்டை ஒட்டி ஒட்டி அந்த உருவம் கண்ணில் பதிந்திருந்தது. அக்காவுக்கே அது தெரியாது. எழுத்துகள் ஒன்றோடொன்று ஒட்டாமல், அச்சைப்போலவே நின்றன. கடைசி எழுத்து மட்டும் கோட்டுக்குக் கீழே இறங்கியது.

"தேதி?" என்றார் ஜன்னலில் இருந்தவர்.

சீட்டில் தேதி இருந்ததில்லை. அதனால் அது அவளுக்கு எழுத வராது. அக்கா பேனாவை வாங்கி, தங்கையின் பேருக்குக் கீழே நிதானமாக எழுதினாள்: 12 மார்ச் 2024.