நர்சம்மாவின் இரண்டு பானைகள்

துறையூர் பஸ் புளியஞ்சோலையில் நின்றதும் கண்டக்டர் இறங்கி நேரே என்னிடம் வந்தார். "ஏனுங்க, நம்ம நர்சம்மா காலையில போயிட்டாங்க" என்றார். மருந்தகத்தில் அவரோடு பல வருஷம் கம்பவுண்டராக இருந்தவன் நான். அழுகைக்கு முன்னால் எனக்கு ஆத்திரம்தான் வந்தது. இந்த ஊர் அவருக்குச் செய்தது அப்படி.

நர்சம்மா பழனியம்மாளின் வாயைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வளப்பூர் நாட்டுப் பெண்கள் பிரசவத்துக்கு மலையிறங்கி வந்தால், "வா கண்ணு, கத்தோணும்னா நல்லாக் கத்து, இங்க உன் மாமியா இல்ல" என்பார். வலியிலும் அவர்கள் சிரிப்பார்கள்.

கருப்பனார் கோயிலை ஒட்டி ஓடை ஆழமாகத் தேங்கும் மடுவும் உங்களுக்குத் தெரியும். அந்த ஓடை மீனெல்லாம் சாமி மீன். பொரி போடலாம், தொடக் கூடாது. மடுவுக்கு மேலே ஓடைக்கரையில் ஓர் ஆலை வந்தது. பாய்லரில் எரிந்த நிலக்கரிச் சாம்பலை வண்டி வண்டியாகக் கரையில் கொட்டினார்கள். மழையில் அது கரைந்து மடுவில் இறங்கியது. மீன்கள் செத்து மிதந்தன. ஊர் என்ன சொன்னது? சாமி குத்தம் என்றது!

குற்றவாளியையும் ஊரே பிடித்தது. அப்போதுதான் பிள்ளை பெற்றிருந்த செல்லாயி வீட்டில் மீன் வாசம் வந்ததாம். அவளுக்குப் பால் ஊறட்டும் என்று சந்தையில் கருவாடு வாங்கிக் கொடுத்தவர் பழனியம்மாள்தான். அதை அவர் தொண்டை வறளச் சொன்னார்; ஒருவரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. சாமி மீனைத் தின்றவளுக்கு ஊர்க் கிணற்றில் தண்ணீர் கிடையாது என்று தீர்ப்புச் சொன்னார்கள். அட பாவிகளா, பச்சை உடம்புக்காரி!

மறுநாள் பழனியம்மாள் ஆலைக்கு மேலே ஓடையில் இறங்கி உயிர்மீன் பிடித்தார். கோயில் வாசலில் கூடியிருந்தவர்கள் முன் இரண்டு பானைகளை வைத்தார். ஒன்றில் மேல் ஓடைத் தண்ணீர், மற்றொன்றில் மடுத் தண்ணீர். இரண்டிலும் மீனை விட்டார். "ஆரும் போகாதீங்க, பாத்துக்கிட்டே இருங்க" என்றார். பொழுது சாய்வதற்குள் மடுத் தண்ணீரில் இருந்தவை வாயைப் பிளந்து மேலே வந்து புரண்டன. மற்றவை சுற்றிச் சுற்றி நீந்தின. செத்த மீன் ஒன்றை எடுத்துச் செவுளைத் தூக்கிக் காட்டினார். சிவப்பாக இருக்க வேண்டிய இடத்தில் சாம்பல் அப்பிக் கிடந்தது. "இது செல்லாயி ஊட்டு அடுப்புச் சாம்பலுங்களா?" என்று கேட்டார்.

செல்லாயிக்குக் கிணறு திறந்தது. ஆனால் சாமி மீனைத் தொட்டுக் கொன்றவள் என்று பழனியம்மாளுக்குக் கோயிலையும் மடுவையும் மூடினார்கள். மடு மீனையெல்லாம் கொன்ற ஆலைக்கு? அடுத்த திருவிழாவில் அதன் முதலாளிக்குப் பரிவட்டம் கட்டினார்கள்! நான் கொதித்தபோது, "உடுங்க கம்பவுண்டரே, அந்தப் புள்ள தண்ணி மொள்றாளில்ல, போதுமுங்க" என்றார். எனக்கு அன்றும் போதவில்லை, இன்றும் போதவில்லை.

அடக்கத்துக்கு ஆலையிலிருந்து மாலை வந்தது. வந்த வண்டியிலேயே திருப்பி ஏற்றிவிட்டேன். செல்லாயி முறம் நிறையப் பொரியோடு மடுவுக்குப் போனாள். "அவிய போட முடியாததை நான் போடறனுங்க" என்று வாரி இறைத்தாள். பொரி மிதந்தபடியே கிடந்தது. வந்து கொத்த ஒரு மீன் இல்லை.

அந்த இரண்டு பானைகளும் இப்போது என்னிடம் இருக்கின்றன. வருகிற திருவிழாவில் அவற்றில் அதே தண்ணீரை நிரப்பிக் கோயில் வாசலில் வைப்பேன். பரிவட்டம் கட்டிக்கொள்ள வருகிறவர் அவற்றைத் தாண்டித்தான் உள்ளே போக வேண்டும்.